தினமும் ஒரு சுற்று: தனியாக நிலைக்காத பழக்கம் அப்பாவோடு நிலைத்தது

தெப்பக்குளத்தான் | பிப்ரவரி 9, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணக்கெழுதும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது.

நடைப்பயிற்சியை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டவன் நான். ஒருமுறை புது ஷூ வாங்கினேன். ஒருமுறை அடி எண்ணும் கைக்கடிகாரம் வாங்கி, தினம் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்தேன். பன்னிரண்டு நாள் ஓடியது. பதின்மூன்றாம் நாள் மழை. அதோடு நின்றது.

போன வருடம் தை மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை கூடியது. அவருக்கு 71 வயது. அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவர், ஓய்வு பெற்றபின் நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். டாக்டர் நடக்கச் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாலையில் வண்டிகள் போகிற வேகத்துக்கு அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் கூடவே போனேன். மாலை டீ குடித்துத் தம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பை மாட்டுவோம், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவோம், திரும்பி வருவோம். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அப்பாவின் நடைக்கு 25 நிமிடம்.

முதல் இரண்டு வாரம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் கிடையாது. எது சொல்ல வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான் போகும், வரும். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் பேச்சுக்கு வழியே இல்லாமல் போயிருந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள், கோயில் பக்கம் திரும்பும்போது அப்பாவே ஆரம்பித்தார். குளம் வறண்டு கிடந்த வருடங்களைப் பற்றி. இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறைந்து கிடக்கிறது. அப்போது பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவோம். "நீ அந்த மூலையிலதான நிப்ப, பந்து பொறுக்க?" என்று கையை நீட்டிக் காட்டினார். சரியான இடம். அவர் ஒருநாளாவது வந்து பார்த்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. நடுவில் விட்ட நாட்களும் உண்டு. அப்பாவின் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாத்திரையும் மாற்றினார்கள் என்பதால் எல்லாம் நடையால்தான் என்று சொல்ல மாட்டேன். எனக்கு மனதில் நிற்கும் கேள்வி இதுதான். தனியாக நான்கு முறை முடியாதது இப்போது மட்டும் எப்படி முடிந்தது? என் மன உறுதி ஒன்றும் கூடிவிடவில்லை. உங்களிடம் நிலைத்த சின்னப் பழக்கம் எது, அது யாரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்தது என்று சொல்லுங்கள்.

---

வேப்பமரத்தடி | பிப்ரவரி 9, இரவு 10:05

தம்பி, படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான் சர்க்கரை நோய்ப் பிரிவில் 18 வருடமாகச் செவிலியர். என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் அந்தப் பத்தாயிரம் அடியைச் சொல்லித்தான் சோர்ந்துபோவார்கள். அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். கருவிக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்கு ஆகிவிட்டது.

2019-ல் அமெரிக்காவில் சுமார் 16,700 வயதான பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளியானது. சராசரி வயது 72. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகவே குறைவு. 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் ஒரு சுற்றே கிட்டத்தட்ட 2,000 அடி இருக்கும். வீட்டுக்குள் நடப்பதோடு சேர்த்துப் பாருங்கள், அது சின்ன விஷயமே இல்லை.

முடிந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு பத்து நிமிடம் தெருவில் நடக்கச் சொல்லுங்கள். கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது நடக்கும். சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை அவ்வளவு ஏறாது.

செருப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பா? இல்லையென்றால் மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அவரால் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் சட்டைப் பையில் ஒரு மிட்டாயும் இருக்கட்டும். சர்க்கரை ரொம்பக் குறைந்து தலை சுற்றினால், வியர்த்தால் உடனே வாயில் போடலாம்.

---

தெப்பக்குளத்தான் | பிப்ரவரி 9, இரவு 10:21

அக்கா, வார் இல்லாத செருப்புதான். நாளைக்கே மாற்றுகிறேன். காலைப் பார்ப்பது பற்றி யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி.

---

மூன்றுஷிப்ட் | பிப்ரவரி 10, காலை 7:40

நான் கொஞ்சம் மாறுபட்டுத்தான் சொல்லப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை 6 முதல் 2, அடுத்த வாரம் 2 முதல் 10, அதற்கடுத்த வாரம் இரவு 10 முதல் காலை 6. கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இப்போது இரவு ஷிப்ட் முடித்து வந்துதான் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது. நான் வரும்போது அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள், அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் ஐந்து நாள் அவள் முழித்திருந்து நான் பார்ப்பதே கிடையாது.

மாலை டீ, மாலை நடை என்று படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலை என்ற ஒன்று நிலையாகக் கையில் இருக்கிறவர்களுக்குத்தான் அது. பழக்கத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் "தினமும் அதே நேரத்தில்" என்றுதான் தொடங்குகிறார்கள். என் நேரம் என்னுடையது இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு என்ன வழி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் "மனம் வைத்தால் முடியும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மனம் இருக்கிறது.

---

பாடவேளை | பிப்ரவரி 10, மதியம் 1:15

மூன்றுஷிப்ட் சொல்வது முழுக்க நியாயம். நான் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அதன் மூலத்தைத் தேடிப் போனால் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரிடம் போய் நிற்கும். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் 1960-ல் எழுதினார். "குறைந்தது" என்பது வாய்வழியில் உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் மிஞ்சியது.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர். 2009-ல் வெளியான ஆய்வு. 96 பேர், 12 வாரம். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்று ஆளுக்கொன்றைத் தேர்ந்துகொண்டார்கள். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலை வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு அந்த 12 வாரப் போக்கை வைத்துக் கணக்கிட்டால் 254 என்று இடைவெளி அவ்வளவு பெரியது. அதைவிட முக்கியமான செய்தி, ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. தெப்பக்குளத்தான் பதின்மூன்றாம் நாள் மழைக்காக நின்றாரே, பதினான்காம் நாள் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது ஷிப்ட் விஷயம். பழக்கம் கடிகாரத்தில் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. அது ஒட்டுவது ஒரு செயலோடு. "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே மனதில் கட்டிவைத்தவர்கள் சொன்னபடி செய்து முடிப்பது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். தெப்பக்குளத்தானுக்கும் மணி முக்கியமாக இல்லை, கவனித்தீர்களா? தம்ளரைக் கீழே வைப்பதுதான் அவருக்கு மணி. உங்களுக்கு எந்த ஷிப்டாக இருந்தாலும் மாறாமல் தினமும் நடக்கிற செயல் ஒன்று இருக்கும். அது எது என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

---

மூன்றுஷிப்ட் | பிப்ரவரி 10, மாலை 4:50

இப்போதுதான் எழுந்தேன். யோசித்துப் பார்த்தால், வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுவது. அது ஒன்றுதான் எந்த வாரமும் மாறாதது.

---

சின்னவெங்காயம் | பிப்ரவரி 10, இரவு 8:30

பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா?

எங்கள் வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முடிவு எடுத்தோம். இரவுச் சாப்பாட்டில் போன் கூடாது, எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். கேட்க நன்றாக இருந்தது. முதல் வாரமே எனக்கு அழுகை வந்தது. எல்லோரும் உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். நான் தோசைக் கல்லுக்கு முன்னால். ஒரு தோசை, ஓடி வந்து வைப்பேன், பாதிப் பேச்சுக் காதில் விழும், திரும்பி ஓடுவேன். குடும்பம் சேர்ந்து செலவழிக்கிற நேரம் என்று அவர்கள் சொன்னதை உண்டாக்கித் தந்தது என் நேரம். அதில் நான் இல்லை.

அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் கண்ணில் படவே இல்லையாம். மாமியார்தான் வழி சொன்னார்: "சாப்பிடறப்ப உட்கார வேண்டாம். உரிக்கறப்ப உட்காருவோம்." அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு முற்றத்தில் முறம் வந்துவிடும். மறுநாள் சாம்பாருக்கான சின்ன வெங்காயம், சில நாள் பூண்டு, சில நாள் முருங்கைக்கீரை. நான், மாமியார், பதினொன்றாவது படிக்கும் மகன், கணவர் என்று நான்கு பேரும் கை வைத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கையில் வெங்காயச் சாறு ஒட்டியிருந்தால் யாரும் போனைத் தொட மாட்டார்கள். தனியாக விதி போட வேண்டியிருக்கவில்லை. கண் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளுக்குப் பேச வருகிறது. நேருக்கு நேர் உட்கார வைத்து "பள்ளியில் என்ன நடந்தது" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். கீரை உருவிக்கொண்டே தானாகச் சொல்வான். கணக்குப் பாடம் பிடிக்கவில்லை, குரூப் மாறலாமா என்று அவன் முதலில் கேட்டது முருங்கைக்கீரை ஆய்ந்த ஒரு நாள்தான்.

தெப்பக்குளத்தான் அண்ணா, உங்கள் அப்பாவும் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினார், முகம் பார்த்து அல்ல. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

வேப்பமரத்தடி | பிப்ரவரி 10, இரவு 9:02

சின்னவெங்காயம், நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கிறார்.

---

பாலைத்தூசி | பிப்ரவரி 11, இரவு 11:48

நான் துபாயில். ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் தனியாக. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே ஆறரை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் தினமும் கூப்பிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. வெளியே பார்க்கிறவர்களுக்கு நல்ல பழக்கம்தான்.

ஆனால் அது தேய்ந்துபோயிருந்தது. "சாப்பிட்டியா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு." "மழையா?" "இல்ல." "சரி, வைக்கறேன்." நாற்பது வினாடி. கூப்பிட்டுவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு, கூப்பிட்டுவிட்டான் என்ற நிம்மதி அவருக்கு. வைத்தபிறகு இருவருக்கும் ஒரு வெறுமை. தினமும் செய்கிறோம் என்பதாலேயே ஒரு பழக்கம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மாறியது தற்செயலாக. ஒருநாள் அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். கை ஓயவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார். நானும் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது. இருவரும் வைக்கவில்லை. பத்து நிமிடம் பேச்சே இல்லை. நூல் இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சித்தி வந்து அம்மாவிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனது கேட்டது. அப்புறம் அம்மாவே, "கனகாம்பரம் இந்த வருசம் சரியா பூக்கல" என்றார். அங்கிருந்து கிணறு, பம்புசெட், நான் சின்ன வயதில் தவறி விழுந்த வாய்க்கால் என்று அரை மணி நேரம்.

இப்போது எங்கள் போன் அப்படித்தான். அவர் பூக் கட்டுவார் அல்லது அரிசி புடைப்பார், நான் துணி மடிப்பேன். பேச விஷயம் தேட வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் விடாமல் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்?

---

ஓலைச்சுவடி | பிப்ரவரி 12, காலை 6:20

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பழக்கம்" என்ற நம் சொல்லைப் பாருங்கள். காலையில் எழுவது எனக்குப் பழக்கம் என்போம். அவர் எனக்கு இருபது வருடப் பழக்கம் என்றும் சொல்வோம். கருவியைக் கைக்குப் பழக்குகிறோம், மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம், மனிதர்களோடு பழகுகிறோம். கை வழக்கத்துக்கும் ஆள் நெருக்கத்துக்கும் ஒரே சொல். "சித்திரமும் கைப்பழக்கம்" என்று எத்தனை மாணவர்களுக்கு எழுதிப் போட்டிருப்பேன்! இரண்டாவது பொருளை அப்போது அதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. ஒருவரோடு பழகுவதும் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவதுதானே. நல்ல குணம் இருந்தாலே உறவு தானாக நிற்கும் என்று நினைத்துக்கொண்டு என் நெருங்கிய நண்பர்கள் இருவரைப் பத்து வருடமாகப் பார்க்காமல் விட்டேன். சண்டை எதுவும் இல்லை. பழகவில்லை, அவ்வளவுதான். அதில் ஒருவருக்கு நேற்று மாலை போன் செய்தேன். திருநெல்வேலியில் இருக்கிறார். இனி ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.

---

எண்ணிக்கை | பிப்ரவரி 12, மாலை 5:33

இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றுவரை நடத்துவது. கல்லூரி மாணவர்கள் 268 பேர், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிச் சிறுவர்கள் 456 பேர், ஆக 724 பேரை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். இப்போதைய இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். 50 வயதில் யார் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தார்களோ அவர்கள்தான் 80 வயதில் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட அது நன்றாக முன்கூட்டிச் சொன்னது என்று அவர் பொதுமேடையில் விளக்கியிருக்கிறார். ஆகவே அப்பாவோடு நடப்பது மருந்து என்றே சொல்லலாம்.

---

பாடவேளை | பிப்ரவரி 12, மாலை 6:10

எண்ணிக்கை, அந்த ஆய்வு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த 724 பேரும் ஆண்கள், எல்லோரும் வெள்ளையர்கள். மனைவி, பிள்ளைகளைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். அதோடு, உடம்பு நன்றாக இருக்கிறவர்களால்தான் உறவுகளையும் நன்றாகப் பேண முடிகிறது என்றும் இருக்கலாம் அல்லவா? நோயில் படுத்தவர் நண்பர்களை இழப்பதை நாம் பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்து போகின்றன என்றுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என் பயம் வேறு. நாளைக்கு ஒரு ஆய்வு வந்து "உறவால் ஆயுள் கூடவில்லை" என்றால் அப்பாவோடு நடப்பதை விட்டுவிடுவோமா?

---

எண்ணிக்கை | பிப்ரவரி 12, மாலை 6:31

ஏற்றுக்கொள்கிறேன். மருந்து என்று சொன்னது அதிகம். என் அண்ணனோடு வாரம் ஒருநாள் கேரம் ஆடுகிறேன். அதை உடம்புக்காக ஆடவில்லைதான்.

---

கரையோரம் | பிப்ரவரி 13, இரவு 12:40

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அப்பா போன ஆனியில் இறந்தார். நாகப்பட்டினம் ஊர். அவர் கூப்பிட்டபோதெல்லாம் "அடுத்த மாசம் வர்றேன்" என்றேன். அடுத்த மாதங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. இங்கே எழுதியதையெல்லாம் படித்தபோது நெஞ்சை அடைத்தது. எனக்கு இனி அந்த இடம் இல்லையே என்று.

அப்பா தினமும் போகிற டீக்கடையில் அவருடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். வலை பின்னுகிறவர், எழுபத்தைந்து வயது இருக்கும். காரியம் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில அந்த பெஞ்சுல நான் தனியா உக்காரணும்" என்றார். இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம், மாதம் இரண்டு தடவை, காலை ஆறு மணிக்கு அந்த பெஞ்சில் அப்பா இடத்தில் உட்காருகிறேன். அவர் பேசுகிற அப்பாவை எனக்குத் தெரியாது. நன்றாகப் பாடுவாராம்.

இதை ஈடு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாதம் இரண்டு தடவை போகிறேன். அப்பா இருந்தபோது போகாதவன் போகிறேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

---

தெப்பக்குளத்தான் | பிப்ரவரி 13, காலை 6:05

கரையோரம், படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் அந்த பெஞ்சில் உட்காருவது அந்தப் பெரியவருக்கு என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தொடர்ந்து போங்கள்.

---

சின்னவெங்காயம் | பிப்ரவரி 13, காலை 9:15

அப்பா என்ன பாட்டுப் பாடுவார் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள் தம்பி. நானும் என் அம்மாவிடம் கேட்காமல் விட்டது நிறைய.

---

மூன்றுஷிப்ட் | மார்ச் 8, காலை 8:02

கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து வருகிறேன். பாடவேளை மேடம், ஷூவில் கட்டியது நிலைத்துவிட்டது.

என்ன செய்தேன் என்றால், வாசலில் ஷூ வைக்கிற பலகை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வைத்தேன். மகளிடம், "உனக்கு அப்பாகிட்ட கேக்கணும்னு எது இருந்தாலும் இதுல எழுது" என்றேன். ஷூவைக் கழற்றியதும், கைகால் கழுவும் முன்பே, நோட்டைப் பார்த்துப் பதில் எழுதிவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்டது. இரவு இரண்டாம் ஷிப்ட் முடித்து 11 மணிக்கு வந்தாலும் சரி, காலை 7 மணிக்கு வந்தாலும் சரி.

முதல் நாள் அவள் எழுதியது: "பேக்டரில ராத்திரி லைட்ட அணைப்பாங்களா?" அணைக்க மாட்டார்கள், பகல் மாதிரியே இருக்கும், அதனால்தான் அப்பாவுக்குத் தூக்கம் வராது என்று எழுதினேன். மறுநாள் ஒரு மெஷின் படம் வரைந்து "இப்படியா?" என்று கேட்டிருந்தாள். நான் பார்க்கிற மெஷினை வரைந்து காட்டினேன். எனக்குப் படம் வரைய வரும் என்று எனக்கே தெரியாது.

26 நாளில் நான்கு நாள் விட்டிருக்கிறேன். ஒருநாள் அலுப்பு, மூன்று நாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். விட்ட மறுநாள் இரண்டு கேள்விக்கும் சேர்த்து எழுதினேன். மேடம் சொன்ன மாதிரி ஒன்றும் கெட்டுவிடவில்லை. போன வாரத்திலிருந்து என் மனைவியும் அதில் ஒரு மூலையில் எழுதுகிறாள். கேஸ் புக் செய்ததா, அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி என்ன என்று. முந்தாநாள், "உடம்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் எழுதியிருந்தாள். நேரில் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

ஷிப்ட் மாறவில்லை. தூக்கம் இன்னும் சரியில்லை. அதற்கெல்லாம் இது தீர்வு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலை நேரம் மாற வேண்டும், அது தனிச் சண்டை.

---

பாடவேளை | மார்ச் 8, மதியம் 12:30

இந்த நோட்டைப் பற்றி என் வகுப்பில் சொல்ல அனுமதி தருவீர்களா? ஊர், பெயர் எதுவும் வராது.

---

மூன்றுஷிப்ட் | மார்ச் 8, மாலை 5:10

தாராளமாக, மேடம்.

---

தெப்பக்குளத்தான் | மார்ச் 8, இரவு 9:25

மூன்றுஷிப்ட் எழுதியதை இன்று நடக்கும்போது அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பருத்திப்பால் வண்டி நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பது எங்கள் வழக்கம். அவர் குடிக்கக் கூடாது, வாசனைக்காக நிற்பார். (புதுச் செருப்பு வாங்கியாயிற்று, அக்கா. பையில் மிட்டாயும் இருக்கிறது. காலை நான்தான் பார்க்கிறேன்.)

ஷூவும் நோட்டும் என்று கேட்டதும் அப்பா நின்றுவிட்டார். அவர் பல வருடம் கோவில்பட்டி வழித்தடத்தில் இருந்தவர். கடைசி டிரிப் முடித்து டிப்போவில் கணக்கு ஒப்படைத்து வீட்டுக்கு வர நள்ளிரவு தாண்டிவிடும். நான் தூங்கியிருப்பேன். காலையில் எழுந்தால் தலையணைக்கு அடியில் காகிதத்தில் சுற்றிய கடலை மிட்டாய் இருக்கும். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பள்ளிக்குப் போகும் வழியில் தின்பேன்.

"பையைக் கழட்டி ஆணில மாட்டின உடனே வைக்கறது. இல்லன்னா மறந்துரும்" என்றார் அப்பா.

அம்மாதான் வைக்கிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். "அவதான் எந்திரிச்சு லைட் போடுவா" என்றார். அப்புறம் மீதிச் சுற்றை முடித்துவிட்டு வந்தோம்.